சக்கரத்து வீட்டுக் கணக்கு

எனக்கு ரெண்டு வீடு. ஒண்ணு ஜோலார்பேட்டையில் எங்க சேரியில். இன்னொண்ணு சக்கரத்து மேல. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும் எந்திரத்தோடு ஒரு பழைய பெட்டியும் போகும். கேம்ப் கோச் என்பார்கள். அதுலதான் ஏழு பேர் ஆக்கித் தின்னு படுத்துக் கிடந்தோம். ஒரு மாசம் கேத்தாண்டப்பட்டி, அடுத்த மாசம் விண்ணமங்கலம், அப்புறம் வளத்தூர். எந்த சைடிங்கில் தள்ளுறாங்களோ அதுதான் எங்க ஊர்.

வாடகை இல்ல, மிச்சம் புடிக்கலாம்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. நோட்டு போட்டு எழுதினவனுக்குத்தான் தெரியும். அங்க பொண்டாட்டி புள்ளைங்களுக்கு ஒரு அடுப்பு, இங்க எனக்கு ஒண்ணு. இலவச ரேஷன் அரிசி ஊட்டுக்குப் போயிடும். இங்க காசு போட்டு வாங்கணும். சின்ன ஸ்டேஷன்ல பெட்டியோட டேங்க் ரொப்ப குழாய் இருக்காது. குடிக்க கேன் வாங்கணும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணி ரயில் போனது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணி. சைடிங்கில் காலிக் குடத்தோட நின்னு அதைப் பாத்துக்கினு இருந்தோம்.

இதெல்லாம் ஏழு பேருக்கும் பொது. மெஸ் செலவு மாசம் 14,000, தலைக்கு 2,000. ஒரு திங்கக்கிழமை வீட்டிலிருந்து மாட்டுக்கறி வறுவல் எடுத்துப் போனேன். மறுநாள் மூத்தவர் ஒருத்தர், "தப்பா நினைக்காத தம்பி, பாத்திரம் தனியா வெச்சிக்கலாம்" என்றார். கறிதான் பிரச்சினைன்னா இனிமே எடுத்தாரலன்னு சொன்னேன். பதில் இல்ல. தனி அடுப்பு, தனிச் சட்டி, சின்ன சிலிண்டர். அந்த மாசம் எனக்கு ஆன செலவு 3,400.

கூடுதலான 1,400 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது? அரிசியா, கேஸா? கடைசியில் 'சாதி – 1,400' என்று எழுதினேன். வீட்டுக்காரி நோட்டைப் புரட்டிட்டு, "இன்னாய்யா இது, எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டாள். சிரிச்சோம். அப்புறம் ரெண்டு பேரும் பேசல.

1917இல் பரோடாவில் வேலைக்குப் போன பாபாசாகேபுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிப் பெயரில் பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். அவ்வளவு படித்தவருக்கே சொந்தப் பெயரில் ஒரு அறை கிடைக்கவில்லை.

அந்த வரியை நான் அடிக்கல. வாடகை வீடு தேடி அலைஞ்ச பஸ் காசு, ஏத்திச் சொன்ன அட்வான்ஸ், தனியா வாங்கின டம்ளர் – உங்க நோட்டிலும் இருக்கும் தோழர்களே. வேற பேர் போட்டு மறைக்காம எழுதுங்க. கூட்டிப் பாக்கலாம்.