வால் முளைத்த வினைச்சொற்கள்

சுவரிதழை எல்லோரும் நின்றுகொண்டேதான் படிப்பீர்கள். கால் வலித்தால் பாதியை இன்றைக்கும் மீதியை நாளைக்கும் படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள்!

ஆங்கிலத்தில் எது கஷ்டம் என்று கேட்டால் நம்மில் பலர் 'பெரிய பெரிய ஸ்பெல்லிங்' என்று சொல்வோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய சொல்லைப் பார்த்தால் நமக்கே தெரியும், இது தெரியாத சொல் என்று. உடனே அகராதியைப் புரட்டுவோம். சின்னச் சொல்தான் ஆளை ஏமாற்றும். தெரிந்த முகம் மாதிரி சிரித்துக்கொண்டே வந்து நிற்கும். நாமும் தெரியும் என்று நினைத்துவிடுவோம்.

'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'மேலே கொடு' என்றுதானே வரணும்? வராது! 'கிவ் அப்' என்றால் கைவிடு, விட்டுவிடு. 'லுக்' என்றால் பார். 'ஆஃப்டர்' என்றால் பிறகு. 'லுக் ஆஃப்டர்' என்றால் 'அப்புறம் பார்க்கலாம் போ' இல்லை. கவனித்துக்கொள், பார்த்துக்கொள் என்று பொருள். 'ரன் அவுட்' என்றதும் நம் வகுப்புப் பையன்களுக்கு கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். ஆனால் 'உப்பு ரன் அவுட்' என்றால் உப்பு தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். இப்படி வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் வந்து ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே மாற்றிவிடுவதைத்தான் 'பிரேசல் வெர்ப்' என்கிறார்கள். நான் அதற்கு வைத்திருக்கும் பெயர், வால் முளைத்த வினைச்சொல்.

* ஒரு வாலால் வந்த வினை *

'பரீட்சையில் ரெண்டு மார்க் போகும், அவ்வளவுதானே' என்று நினைக்காதீர்கள். என் பெரியம்மா மகள் தையல் பயிற்சி முடித்தவள். ஒரு பனியன் கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் செல்போனில் ஒரு செய்தி வந்தது. 'யுவர் இன்டர்வியூ இஸ் புட் ஆஃப் டு மண்டே.' அக்கா பத்தாவது முடித்தவள், எழுத்துக்கூட்டி நன்றாகவே வாசித்தாள். 'ஆஃப்' என்றால் அணைப்பது. லைட்டை ஆஃப் பண்ற மாதிரி இன்டர்வியூவையும் ஆஃப் பண்ணிட்டாங்க என்று முடிவு கட்டிவிட்டாள். அயர்ன் பண்ணி வைத்திருந்த சுடிதாரை மடித்துப் பெட்டியில் வைத்தாள். சான்றிதழ் கவரையும் அதன்மேல் வைத்துப் பூட்டினாள். பெரியம்மா, "நம்ம ராசி அப்படி"ன்னு சொல்லிட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டாங்க.

எனக்கு அந்த 'மண்டே' மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வேண்டாம் என்று சொல்கிறவர்கள் திங்கட்கிழமையை எதற்குச் சொல்லணும்? மறுநாள் செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் ஆங்கில டீச்சரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "புட் ஆஃப் என்றால் ஒத்திவைப்பது. போஸ்ட்போன். ரத்து என்றால் 'கால் ஆஃப்' என்று போட்டிருப்பார்கள். அக்காவைத் திங்கட்கிழமை போகச் சொல்லு" என்றார். (இந்தக் 'கால்' நம் கால் இல்லை, கூப்பிடுகிற கால்!)

சாயங்காலம் ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள், "அடிப்பாவி! போஸ்ட்போன்னு போட்டிருந்தா எனக்கே தெரியுமேடி!" திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கே போனாள். வேலை கிடைத்தது. இப்போது இரண்டு மாதச் சம்பளம் வாங்கிவிட்டாள்.

அக்கா சொன்னதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். போஸ்ட்போன் என்ற பெரிய சொல் அவளுக்குத் தெரியும். 'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும். 'புட் ஆஃப்' தெரியாது. நாம் பள்ளிக்கூடத்தில் பெரிய சொற்களை மனப்பாடம் செய்கிறோம். அன்றாடம் வருவதெல்லாம் சின்னச் சொற்கள்தான்.

* ஏன் இப்படி இரட்டை இரட்டையாக? *

டீச்சரிடம் கேட்டேன். அவர் சொன்னது சுவாரசியமாக இருந்தது. 1066-ஆம் ஆண்டு பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஓங்கியது. படித்தவர்கள் லத்தீனில் எழுதினார்கள். வயல்காட்டிலும் வீட்டிலும் மக்கள் பேசியது பழைய ஆங்கிலம்தான். அதனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் சேர்ந்துபோயின. 'புட் அவுட்' வீட்டுச் சொல், 'எக்ஸ்டிங்விஷ்' ஏட்டுச் சொல். இரண்டுக்கும் தீயை அணை என்றுதான் பொருள். 'ஃபைண்ட் அவுட்', 'டிஸ்கவர்' இரண்டும் கண்டுபிடி. 'புட் அப் வித்', 'டாலரேட்' இரண்டும் பொறுத்துக்கொள். ஏட்டுச் சொல் நமக்குப் புத்தகத்தில் கிடைத்துவிடுகிறது. வீட்டுச் சொல்லைச் சொல்லித்தர நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இன்னொரு ஆறுதலும் உண்டு. சாமுவேல் ஜான்சன் என்ற அறிஞர் 1755-இல் பெரிய ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். வேற்று நாட்டவர்களுக்கு மிகவும் சிரமம் தருவது இந்த வால் முளைத்த வினைச்சொற்கள்தான் என்று அதன் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறாராம். 'பிரேசல் வெர்ப்' என்ற பெயர் அப்போது கிடையாது. அது 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் எழுதிய புத்தகத்தில் வந்தது. பெயர் வைப்பதற்கு முன்னாடியே கஷ்டம் வந்துவிட்டது! ஆகவே நமக்குப் புரியவில்லை என்றால் நாம் மக்கு என்று அர்த்தம் இல்லை.

* நம் தமிழ் மட்டும் லேசுப்பட்டதா? *

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கைவிடு, கைகொடு, கைகழுவு, கைநீட்டு, கைப்பிடி. எல்லாவற்றிலும் இருப்பது ஒரே கை. ஆனால் ஒன்று உதவி, ஒன்று அடி, ஒன்று கல்யாணம்! அல்வாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்றால் ரொம்ப சுலபம். 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான். பாட்டி நம்மைப் பார்த்து "சீக்கிரம் வந்து தொலை"ன்னு சொல்றாங்க. வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்டால், வரணுமா, தொலைஞ்சு போகணுமா என்று முழிக்க மாட்டாரா?

இதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் 'ஈட்' என்றால் சாப்பிடு. 'ஈட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடி. 'யூஸ் அப்' என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. அந்த 'அப்' செய்கிற வேலையை நம் தமிழில் 'விடு', 'தீர்', 'முடி' என்ற துணைவினைகள் செய்கின்றன. அவர்கள் சின்னச் சொல்லை வாலாக ஒட்டுகிறார்கள். நாம் இன்னொரு வினைச்சொல்லையே வாலாக ஒட்டுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் தமிழ் கற்று 1732-இல் சதுரகராதி தொகுத்தார். ஜி.யு.போப் 1839-இல் இங்கு வந்தார், 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர்களும் நம் ஊர்க் 'கை'களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கற்றுத்தானே ஆகியிருக்க வேண்டும்! அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

* மாங்காயும் பறவையும் *

அடுத்து 'இடியம்' எனப்படும் மரபுத்தொடர்கள். இவற்றைத் தமிழோடு ஜோடி சேர்த்துப் படித்தால் மறக்கவே மறக்காது.

நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்போம். அவர்கள் ஒரே கல்லில் இரண்டு பறவைகளைக் கொல்வார்கள். (நம்முடையதுதான் நல்லது, பாவம் பறவை!)

நமக்குப் பேய் மழை. அவர்களுக்குப் பூனையும் நாயுமாகப் பெய்யும்.

நாம் 'அத்தி பூத்தாற்போல' என்போம். அத்திப்பூ காய்க்கு உள்ளேயே இருப்பதால் வெளியே தெரியாது. அவர்கள் 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பார்கள். ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதற்கு ப்ளூ மூன் என்று பெயர். 2023 ஆகஸ்ட் மாதத்தில் அப்படி வந்தது. பெயர்தான் நீலம், நிலா வழக்கம்போல்தான் இருக்கும்.

நாம் 'கொல்லன் தெருவில் ஊசி விற்கிறதா' என்று கேட்போம். அவர்கள் 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போகிறதா' என்பார்கள். நியூகாசில் இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஊர். பல நூறு வருடங்கள் அங்கிருந்துதான் கப்பல் கப்பலாக நிலக்கரி போனது. நெய்வேலிக்கு நிலக்கரி கொண்டு போனால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான்.

முதலைக் கண்ணீர் மட்டும் இரண்டு மொழியிலும் முதலைக் கண்ணீர்தான்!

* நான் படிக்கும் முறை *

1. 'லுக்' என்று தலைப்புப் போட்டு, அதில் வரும் இருபதையும் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். எல்லாம் குழம்பிவிடும். இடம் வாரியாகப் பிரியுங்கள். வீட்டில்: 'வேக் அப்' விழித்தெழு, 'ஸ்விட்ச் ஆஃப்' அணை. பஸ்ஸில்: 'கெட் ஆன்' ஏறு, 'கெட் ஆஃப்' இறங்கு. வகுப்பில்: 'ஹேண்ட் இன்' நோட்டை ஒப்படை, 'ஃபில் இன்' படிவத்தை நிரப்பு.

2. ஒரு நாளைக்கு மூன்று போதும். மாதம் தொண்ணூறு ஆகிவிடும். சிறு துளி பெருவெள்ளம்.

3. அர்த்தத்தை மட்டும் எழுதாமல், நம் வீட்டில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். 'ஐ லுக் ஆஃப்டர் அவர் கோட்' என்று எழுதினேன். எங்கள் ஆட்டுக்குட்டி இருக்கிறவரை 'லுக் ஆஃப்டர்' எனக்கு மறக்காது.

4. 'இட்', 'ஹெர்' போன்ற சொற்கள் வந்தால் வால் எங்கே வரும் என்று கவனியுங்கள். 'டேக் இட் ஆஃப்' என்பதுதான் சரி, 'டேக் ஆஃப் இட்' தப்பு. ஆனால் 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதைப் பிரிக்கக் கூடாது.

5. ஊருக்கு ஊர் பொருள் மாறும். நம் நாட்டில் 'பாஸ்டு அவுட்' என்றால் படிப்பை முடித்தவர். வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் மயங்கி விழுந்தவர் என்று நினைத்துத் தண்ணீர் தெளிக்க வந்துவிடுவார்!

* கடைசியாக ஒரு வேண்டுகோள் *

நம் வகுப்பில் யாராவது எழுந்து இரண்டு வரி ஆங்கிலம் பேசினால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், "ஏய், பீட்டர் விடுறாடா!" 'பீட்டர் விடுறது' என்பதும் ஒரு மரபுத்தொடர்தான். அதில் பீட்டரும் இல்லை, விடுவதும் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் பேசியவள் உட்கார்ந்துவிடுகிறாள். அப்புறம் அந்த வருஷம் முழுக்க வாயே திறப்பதில்லை. இப்படி உட்கார்ந்த இரண்டு பேர் என் பெஞ்சிலேயே இருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாததால் உட்காரவில்லை. சிரிப்புக்குப் பயந்து உட்கார்ந்தார்கள். நாளைக்கு அவர்கள் செல்போனிலும் 'புட் ஆஃப்' என்று ஒரு செய்தி வரும். அன்றைக்கு யார் சொல்லித் தருவது?

சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தில் 'லாஃப் அட்' என்றால் ஒருவரைப் பார்த்துக் கேலியாகச் சிரிப்பது. 'லாஃப் வித்' என்றால் அவரோடு சேர்ந்து சிரிப்பது. சிரிப்பு ஒன்றுதான், வால்தான் வேறு. நம் வகுப்பில் எந்த வாலை ஒட்டுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி