அரைக்கால் அங்குலம்

சவரக் கத்தியின் அகலத்தை அங்குலத்தின் எட்டிலொரு பங்குகளாகக் கணக்கிடுவர். எட்டிலொன்றை நம் முன்னோர் அரைக்கால் என்றனர்.

அட்டனிலுள்ள இல்லத்தில் நாம் மூன்று கத்திகளை மாறி மாறிச் சோதித்தோம். 7/8 அங்குலக் கத்தி கன்னத்தில் நன்றாக ஓடிற்று; மூக்கின் கீழோ இடம் போதவில்லை. 4/8 எங்கும் நுழைந்தது. ஆயினும் நுரையைத் தாங்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்த தந்தையார் விட்டுச்சென்ற ஷெபீல்டுக் கத்தியே கைக்கு இசைந்தது. அளந்தால் 5/8, அதன் பெட்டியிலோ 6/8 என்றிருந்தது!

பிழையன்று. தீட்டுக்கல்லில் தேயத் தேய அலகு ஒடுங்கும். குளிர் விடியல்தோறும் முகம் மழித்து வேலைக்குச் சென்றவரின் ஆண்டுகளே அந்த அரைக்கால் அங்குலம். இப்போது தோல்வாரில் மட்டுமே தீட்டுகிறோம். கல்லை எடுக்க மனம் வரவில்லை. எனினும், மழுங்கிய கத்தி அவருக்குப் பிடிக்காதே! நாளை எடுக்கத்தான் வேண்டும்.