மீட்டர் கணக்கில் வராத சேடில்

புனேயின் பழைய பேட்டைகளில் இன்னும் மிச்சமிருக்கும் வாடா எனும் பழைய வீடுகளுக்குக் கீழ்த்தளம் கருங்கல். மேலே மரச்சட்டம் நிறுத்தி, இடையில் மெல்லிய செங்கல்லை மண்சாந்தில் அடுக்கியிருப்பார்கள். இந்தச் சுவரில் காடி வெட்டிக் குழாய் புதைக்க முடியாது. உளி பட்ட இடத்தில் கை நிறைய மண் கொட்டும். அதனால் இங்கே மின்சாரம் எப்போதும் சுவருக்கு வெளியேதான் ஓடியிருக்கிறது. முதலில் தேக்கு ரீப்பரும் தகரக் கிளிப்பும், அப்புறம் கேசிங் கேப்பிங், இப்போது குழாய். வெளியே ஓடும் குழாயைச் சுவரோடு பிடித்து வைப்பது சேடில்.

புனே கட்கியில் இருக்கும் நண்பர்தான் இந்தச் சேடில் தேடலை ஆரம்பித்து வைத்தார். “வாடாவுல தீப்பிடிச்சா ஷார்ட் சர்க்யூட்னு எழுதிட்டுப் போயிடுறீங்க. அந்த வயரைத் தாங்கிக்கிட்டிருக்கிறது எதுன்னு யாராவது பார்த்தீங்களா?” என்று கேட்டு, தனக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவரோடு என்னைக் கோத்துவிட்டார். வயர்மேனுக்கு அறுபது வயதை ஒட்டியிருக்கும். நான் அண்ணே என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். 1869இல் தொடங்கிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வட ஆற்காட்டிலிருந்து வேலைக்கு வந்த தாத்தாவின் பேரன். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மராட்டி. அவுந்த் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பு முடித்துப் பெர்மிட் வாங்கியவர். இப்போது கஸ்பா பேட்டில் ஒரு வாடாவின் படிக்கட்டுக்கும் தாழ்வாரத்துக்கும் அறைகளுக்கும் புதிதாகக் குழாய் போடுகிறார்.

சாமான் வாங்கப் புத்வார் பேட்டின் தாப்கீர் கல்லிக்குப் போனோம். இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் தோள் இடிக்கும் சந்து. இரு புறமும் சுவிட்சும் வயரும் விளக்குமாகக் கடைகள். கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் தூக்கி மேசையில் போட்டார். அண்ணன் ஒரு சேடிலை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். தகரம் உள்ளே மடங்கியது. “காகா, இதை வீட்டுக்குக் கொண்டு போய் உங்க பேரனுக்கு விளையாடக் கொடுங்க” என்று மராட்டியில் சொல்லிவிட்டுப் பாக்கெட்டைத் திருப்பித் தள்ளினார். அடுத்து வந்ததைப் பையிலிருந்த குழாய்த் துண்டின் மேல் மாட்டிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். 20 மில்லி தீர்ந்துபோனால் 25 மில்லி சேடிலைக் கட்டிவிடுவார்களாம். மாட்டியபின் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குழாய் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், நாளாக ஆகத் திருகும் கழன்றுவரும்.

இரும்புக் குழாய்க்கு அவர் எடுத்தது அடியில் பட்டை வைத்த கால்வனைஸ் சேடில். பட்டையைச் சுவரில் முடுக்கிவிட்டு, அதன் மேல் வளைவைத் தனியாகத் திருக வேண்டும். ஒற்றைத் திருகுச் சேடில் இதைவிட மலிவு, வேலையும் பாதி. “மழைக்காலத்துல இந்தச் சுவர் தண்ணி குடிக்கும் தம்பி. குழாய் சுவத்தோட ஒட்டி நின்னா பின்பக்கம் துரு ஏறும், முன்னால நின்னு பார்த்தா தெரியாது. பட்டை போட்டா நடுவுல காத்து போகும்.” அறைகளுக்குள் போகிற பிவிசி குழாய்க்கு வேறு சேடில் வாங்கினார்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, இரும்புக் குழாயின் சேடில்கள் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகக்கூடாது என்கிறது. வளைவோ இணைப்போ வந்தால் அதன் இரு பக்கமும் 30 சென்டிமீட்டரில் ஒவ்வொன்று வேண்டும். பிவிசிக்கு அண்ணன் இடைவெளியை 60 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்கிறார். தகரக் கூரைக்குக் கீழே இரவுக்கும் பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் 3 மீட்டர் பிவிசி குழாய் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதே வெயிலில் ஒரு மில்லிமீட்டர்தான் நீளும். பிவிசியைச் சேடில் தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. “இறுக்கிட்டா நீள இடமில்லாம வில்லு மாதிரி வளைஞ்சுக்கும். அப்புறம் வீட்டுக்காரங்க நம்மளத்தான் திட்டுவாங்க.”

வேலை நூல் அடிப்பதில் தொடங்கியது. நீலப்பொடி தோய்த்த நூலை இரு முனையிலும் பிடித்து நடுவில் சுண்டினால் சுவரில் கோடு விழும். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், உத்தரம் சாய்ந்திருந்தது. கோட்டை மட்டத்துக்குப் போடாமல் உத்தரத்தோடு சேர்த்துப் போட்டார். சாய்ந்த வீட்டில் நேர்க்கோடுதான் கோணலாகத் தெரியுமாம்.

பிறகு பையிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை எடுத்தார். ராவல் பிளக் டூல். கைப்பிடி போன்ற ஒரு கட்டை இரும்பு, அதன் நுனியில் பள்ளம் ஓடிய உளி. சுத்தியலால் ஒரு தட்டு, கையால் கொஞ்சம் திருப்பல், மறுபடி ஒரு தட்டு. ஐ.டி.ஐ.யில் வாங்கியதாம். உளிமுனைகளை மாற்றியிருக்கிறார், பிடி அதேதான். டிரில் மெஷினும் பக்கத்திலேயே இருந்தது, கருங்கல்லுக்கு அதை எடுத்தார். மண்சாந்துச் சுவருக்கு மட்டும் இது. மெஷின் அதிர்வில் ஓட்டை வாய் பெருத்துப்போகும், திருகைப் பிடிக்கும் பிளக் நிற்காது. கையால் அடிக்கிறபோது செங்கல்லா சந்தா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுகிறது. சந்து என்றால் இன்னும் கொஞ்சம் அகலமாக எடுத்து, அகன்ற பக்கம் உள்ளே போகும்படி செதுக்கிய மரக்கட்டையைச் சிமென்ட்டில் பதித்து மறுநாளைக்கு விட்டுவிடுகிறார். மரத்தூணில் எந்த வம்பும் இல்லை, நேரே திருகு.

கருவியின் பேரில் இருக்கும் பிளக்குக்கு ஒரு கதை உண்டு. 1911 வாக்கில் லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில், சுவர் பாழாகாமல் மின்சாதனங்களை மாட்ட வேண்டியிருந்தது. ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர் சணல் நாரை விலங்கு ரத்தத்தில் இறுக்கி ஒரு பிளக் செய்தார். ஒப்பந்தக்காரர்களில் அப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார். ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் நைலான் பிளக்கைக் கொண்டுவந்தது 1958இல்.

குழாய்க்குள் வயர் இழுத்ததையும் பெட்டியில் இணைத்ததையும் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடிபட்டதும் இல்லை, வேடிக்கையாகவும் இல்லை.

படிக்கட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டிக் சேடிலைக்கூட அண்ணன் உள்ளே விடவில்லை. இங்கே எனக்கு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நினைவுக்கு வந்தது. 2010 ஏப்ரலில் அங்கே ஷெர்லி டவர்ஸ் என்ற அடுக்குமாடியில் தீயணைக்கப் போன வீரர்கள் இருவர் இறந்தார்கள். வெப்பத்தில் பிளாஸ்டிக் தாங்கிகள் உருகி, மேலிருந்த வயர்கள் தொங்கி வழியை மறித்திருந்தன. 2005இல் ஸ்டீவனேஜ் ஹாரோ கோர்ட்டிலும் வயர் சிக்கல் இதேபோல் வினையானது. அதன் பிறகே தீயில் இற்று விழாத பிடிமானம் வேண்டும் என்று பிரிட்டிஷ் வயரிங் விதியில் எழுதினார்கள். முதலில் 2015இல் தப்பும் வழிகளுக்கு, 2018இல் கட்டடம் முழுவதற்கும். அண்ணனிடம் சொன்னேன். “இங்க படிக்கட்டே மரம் தம்பி” என்றார்.

இனி காசு. வேலைக்கான எஸ்டிமேட்டில் குழாய்க்கு மீட்டர் கணக்கு. சேடில், பிளக், திருகு எல்லாம் ‘துணைப்பொருட்கள் உட்பட’ என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடும். 300 மீட்டர் பிவிசியை 60 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பிடித்தால் 500 சேடில், 1000 ஓட்டை. ஒன்றரை மீட்டருக்கு ஒன்று என்று போனால் 200 சேடில், 400 ஓட்டை. மிச்சமான 600 ஓட்டையின் கூலி யாருக்குப் போகிறது? ஏணியில் நிற்பவனுக்கு அல்ல. லைசென்ஸ் வைத்திருக்கும் காண்ட்ராக்டர் வேலையை உள்காண்ட்ராக்டருக்குக் கைமாற்றுகிறார், அவர் மேஸ்திரிக்கு மாற்றுகிறார். ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவது கீழே வருகிறது. வந்ததற்குள் கட்டுப்படியாக வேண்டுமென்றால் வயர்மேன் ஓட்டையைத்தான் குறைக்க முடியும். குழாய் தொங்கினால் பேர் கெடுவதும் அவனுக்கே. முன்பு ஒரு காண்ட்ராக்டரிடம் இருந்தபோது, எண்ணிக் கொடுத்த சேடில் போதவில்லை என்று கேட்டதற்காக அண்ணனுக்கு அடுத்த வேலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நேர் வேலை மட்டும். வருமானம் குறைவு, சண்டையும் குறைவு என்கிறார்.

வாடா வேலையில் இன்னொரு முடிச்சு. பழைய குடித்தனக்காரர்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சொற்ப வாடகையில் சொந்தக்காரர் செலவு செய்யமாட்டார். எப்போது இடிப்பார்களோ என்ற பயத்தில் குடித்தனக்காரரும் செய்யமாட்டார். ஆளுக்கொரு வயரை இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். இந்த வாடாவில் ஏழு குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டதே பெரிய காரியம்.

மாலையில் மேல்மாடி ஆஜி (பாட்டி) வந்து குழாயை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. துணிக்கொடியின் ஒரு முனையை இதில் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். கட்டக்கூடாது ஆஜி, என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் உள்ளே போனதும் என் பக்கம் திரும்பி, “நாளைக்கே கட்டிடும். அதான் அந்த இடத்துல ஒண்ணு கூடுதலாப் போட்டிருக்கேன்” என்றார்.