குறி தவறிய பொழுது

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இராயபுரத்தில் ஒரு மக்தபில் நாம் ஓதிக் கொடுத்து வந்தோம். அஸருக்குப் பின் பிள்ளைகள் வருவர். அவருள் ஒருவன் நாள்தோறும் தாமதித்தே வருவான். விரல் நுனிகளில் கேரம் பலகையின் பவுடர் வெள்ளையாய் ஒட்டியிருக்கும்.

ஒருநாள் ‘ஸவாப்’ என்ற சொல்லில் அவன் நாத் தடுக்கிற்று. ‘ஸே’ எழுத்தில் தொடங்கினால் அது நற்கூலி. ‘ஸாத்’ எழுத்தில் தொடங்கினால் சரியானது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, அரபியில் வெவ்வேறு. மும்முறை திருத்தியும் வரவில்லை. “கதா, கதா” என்று கூறிப் பிரம்பால் அடித்தோம்.

அவன் அழவில்லை. “கதான்னா என்னங்க ஹஜ்ரத்?” என்றான்.

“தவறு என்று பொருள். எய்த அம்பு குறியில் படாது போவதையும் அச்சொல்லின் வினையால்தான் சொல்வர்” என்றோம்.

“கேரம்ல குறி தப்பினா யாரும் அடிக்க மாட்டாங்க ஹஜ்ரத். நம்ம முறை மறுபடி வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அவ்வளவுதான்.”

அன்றிரவு அகராதியை விரித்தோம். அம்பு குறியில் படுவது ‘அஸாப’. சரியானது எனப் பொருள்படும் ‘ஸவாப்’ அவ்வேரினது. நம் இல்லத்துப் பெண்கள் நாளும் சொல்லும் ‘முஸீபத்’தும் அவ்வேரினதே; மனிதனை வந்து தாக்குவது முஸீபத். அன்று நமது பிரம்பு குறி தவறவில்லை. அதுவே அவனுக்கு முஸீபத்தாயிற்று.

ஆய்ந்து தீர்ப்பளிக்கும் நீதிபதி சரியானதை எட்டினால் இரு கூலி, தவறினால் ஒரு கூலி என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அங்கு எட்டுவதற்கு ‘அஸாப’, தவறுவதற்கு ‘அக்தஅ’. இரண்டும் வில்லாளிக்கும் வழங்கும் சொற்கள். நேர்மையாய்க் குறி பார்த்தவன் தவறினும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இதனை எத்தனையோ முறை ஓதியிருந்தும், கையில் பிரம்பிருந்தபோது நினையாது போனோம்.

தமிழிலும் ‘குறி’ பல கிளை விட்ட சொல். எய்வோனுக்கு அது இலக்கு, குறத்திக்கு வருவதுரைத்தல், மாட்டுக்குச் சூடு, துறைமுகத்து மூட்டைக்கு உடையவனின் அடையாளம். வாழ்வெலாம் பற்றி நிற்பது குறிக்கோள். ‘இலக்கு’ என்பதை வடமொழி ‘லக்ஷ’ என்பதோடு இணைப்பர். அங்கும் அடையாளம், எய்யும் இலக்கு, நூறாயிரம் என மூன்று பொருள். இலட்சத்தைத் தேடி ஓடுவோரும் இலட்சியத்தைத் தேடி நிற்போரும் ஒரே வேரின் கிளைகளைத்தான் பற்றியிருக்கின்றனர். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது அடையாளம் என்னும் கருத்தே.

அடையாளத்தைக் கண்டு உள்ளத்தை அறிவது குறிப்பறிதல். திருக்குறளில் அப்பெயரால் 71, 110 என இரு அதிகாரங்கள் உள்ளன. இரண்டையும் கற்றோம். எனினும் அச்சிறுவனின் விரலில் இருந்த வெண்மையைக் குற்றத்தின் குறியாகவே கண்டோம். பழகிய கைக்கும் பொறுமைக்கும் குறியாகக் காணவில்லை.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில், வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்ற செய்தியைப் படித்தபோது, அவன் நினைவே முதலில் வந்தது. இன்று அவன் எண்ணூரில் வேலை பார்க்கிறான். வழியில் கண்டால் ஸலாம் உரைப்பான். அந்த அடியைப் பற்றி அவனும் பேசியதில்லை. நாமும் பேசத் துணிந்ததில்லை.

பிரம்பை மறுநாளே பரணில் போட்டுவிட்டோம். பிள்ளைகள் தவறினால் ‘கதா’ என்று இன்றும் சொல்கிறோம். உடனே ‘அடுத்த முறை’ என்றும் சொல்கிறோம்.