கிதாபும் உளியும்

மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர் வீட்டில் இழைப்புளிக்கும் கொட்டாப்புளிக்கும் என்ன வேலை என்று எங்கள் எழுமலையில் கேளாதவர் குறைவு. வெள்ளிக்கிழமை விடுமுறையில், ஜும்ஆவுக்குப் பின் முற்றத்தில் மரத்தூள் பறப்பதைக் கண்டு, “ஹஜ்ரத், ஆசாரியைக் கூப்பிட்டால் அரை நாளில் முடித்துவிட்டுப் போய்விடுவாரே!” என்று பரிவோடு சொல்லிச் செல்வார்கள். எனக்கோ அது அரை நாளில் முடிந்துவிட்டால் மீதி வெள்ளிக்கிழமைகளை என்ன செய்வது என்ற கவலை!

கிதாபு பிடிக்கும் கை உளி பிடிக்கலாகாது என்ற எண்ணம் நம்மிடையே எப்படிப் புகுந்ததோ தெரியவில்லை. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சுத் தொழில் செய்தவர்கள். நூஹ் (அலை) அவர்கள் இறைக் கட்டளைப்படி பலகைகளைப் பொருத்திக் கப்பல் கட்டினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள். வீட்டு வேலைகளில் துணைவியருக்கு உதவினார்கள். அவர்கள் நின்று உரையாற்றிய மிம்பரும் மதீனாவை அடுத்த ஃகாபாவின் மரத்தைக் கொண்டு ஒரு தச்சர் செய்து தந்ததே.

பிற்காலத்திலும் எனக்குப் பிடித்த ஒரு சான்று உண்டு. உஸ்மானிய கலீஃபா இரண்டாம் அப்துல் ஹமீத் அவர்கள் 1876 முதல் 1909 வரை ஆட்சி புரிந்தவர். நம் நாட்டு முஸ்லிம்களும் பொருளுதவி செய்த ஹிஜாஸ் இருப்புப் பாதையை அமைத்தவர். அவருக்கு இஸ்தான்புல் யில்திஸ் அரண்மனையில் சொந்தமாக ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. அரசு அலுவல் ஓய்ந்த நேரத்தில் அங்கே மேசையும் அலமாரியும் தம் கையாலேயே செய்தார். அவர் செய்தவற்றில் சில இன்றும் அங்குள்ள அரண்மனைகளில் பாதுகாக்கப்படுகின்றன. 1909இல் அரியணை பறிபோயிற்று. சலோனிகா நகரில் காவல், 1912 முதல் பெய்லர்பெய் அரண்மனையில் காவல், 1918இல் அங்கேயே மறைவு. அந்தச் சிறைவாசத்திலும் தச்சு வேலையை அவர் விடவில்லை. அவருடைய அரசியலைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் எவ்வளவோ வாதிடட்டும். அதிகாரமெல்லாம் போன பின்னும் ஒரு மனிதருக்குக் காலைப் பொழுதில் எழுந்து செய்ய ஒரு வேலை இருந்ததே, அதை எண்ணுகையில் எனக்கு அவர்பால் தனி மதிப்பு.

நான் கற்றது அரண்மனையில் அன்று. சிறு வயதில் எங்கள் வீட்டுக்குக் கதவு செய்ய வந்த ஆசாரி ஐயாவின் அருகில் அமர்ந்து, சுருள் சுருளாக விழும் சீவல்களைப் பொறுக்கிய நாளில் தொடங்கியது. மரம் வெட்டிய பின்னும் அசைவதை நிறுத்தாது என்பது அவர் தந்த முதல் பாடம். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நீளத்தில் அவ்வளவு மாறாது. மேற்குமலை அடிவாரத்து எங்கள் ஊரில் ஐப்பசி மழையில் கதவுகள் நிலையைப் பிடித்துக்கொள்ளும். பொறுமையற்றவர்கள் உடனே இழைத்துவிடுவார்கள். சித்திரை வந்ததும் அந்த இடத்தில் விரல் நுழையும் சந்து தெரியும்.

இந்த அசைவை நன்கு உணர்ந்தவர்கள் நம் முன்னோரான கலைஞர்கள். சுல்தான் நூருத்தீன் ஜங்கி அவர்களின் ஆணைப்படி 1168இல் அலெப்போவில் தொடங்கப்பெற்ற மிம்பரை, 1187இல் பைத்துல் முகத்தஸை மீட்ட சலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் மஸ்ஜிதுல் அக்ஸாவில் நிறுவினார்கள். ஆணியும் பசையும் இன்றி, ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைக் கழுந்தும் காடியுமாகக் கோத்த வேலைப்பாடு அது. துண்டுகள் சிறியவை, ஒவ்வொன்றும் தன் காடிக்குள் சற்றே உப்பவும் சுருங்கவும் இடமுண்டு, ஆதலால் முழுப்பரப்பு வெடிப்பதில்லை. எண்ணூறு ஆண்டுகள் நின்ற அந்த மிம்பர் 1969 ஆகஸ்ட் 21 அன்று ஒருவன் வைத்த தீக்கு இரையாயிற்று. அதே முறையைத் தேடிக் கற்று ஜோர்தானில் செய்யப்பட்ட புதிய மிம்பர் 2007இல் அங்கே நிறுவப்பட்டது.

என் கைவேலை அத்தகையது அன்று. ஆயினும், என் தாயாருக்கு முழங்கால் தேய்ந்து நடை தளர்ந்தபோது அந்தச் சிறு கைவேலையே உதவிற்று, அல்ஹம்து லில்லாஹ். எங்கள் பழைய வீட்டின் பின்கட்டு நிலைப்படி மூன்று அங்குல உயரம். உளூச் செய்ய எழுந்து போகையில் இருமுறை அதில் தடுக்கினார்கள். மூன்றாம் முறைக்குக் காத்திராமல் அதை அறுத்தெடுக்க முனைந்தேன். உறவுப் பெரியவர் ஒருவர், “அத்தா வைத்த நிலைப்படி, அதில் போய் வாள் வைக்கலாமா?” என்று வருந்தினார். வீட்டின் பறக்கத் அந்தக் கட்டையில் இருப்பதாக நான் கருதவில்லை. அவரோடு வாதிடவும் இல்லை. பக்கத்து நிலைக்கால்கள் இரும்புப் பிடிகளால் சுவரோடு உறுதியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வாளை எடுத்தேன். படி போனதும் தேளும் பூரானும் நுழையுமே! கதவின் அடியில் ரப்பர் பட்டை பதித்த சட்டம் ஒன்றை அடித்து அதையும் அடைத்தேன். பத்து அங்குலத் திண்ணைப் படிக்கு முன்னால் ஐந்து அங்குல உயரத்தில் ஒரு மரப்படி. அதன் அருகே, பிடி கொள்ளும் கனத்தில் வேம்பினால் ஒரு கைப்பிடி.

எல்லாவற்றையும் ஏற்ற அம்மா, நாற்காலியை மட்டும் ஏற்கவில்லை. தரையில் அமர்ந்து, ரைஹால் பலகையில் குர்ஆனை வைத்து ஓதியே பழகியவர்கள். உயரத்தில் அமர்ந்தால் குர்ஆன் தாழ்ந்துவிடுமே என்பது அவர்கள் தயக்கம். அவர்கள் அமரும் அளவுக்கே, பாதம் தரையில் முழுவதும் படியும்படி நாற்காலிக் கால்களைக் குறைத்தேன். மார்பளவு உயரத்தில் சாய்ந்த பலகையோடு ஒரு தாங்கியும் செய்து முன்னே வைத்தேன். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் ஓதி முடித்தார்கள். மறுநாள், “இன்னும் ரெண்டு விரல் ஒசத்துத்தா, கண்ணுக்குத் தோதா இருக்கும்” என்றார்கள்.

உயர்த்திக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் மூன்று மூதாட்டிகள் தங்களுக்கும் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேப்பம்பலகைகள் திண்ணையில், இடையே குச்சிகள் வைத்து அடுக்கி, நிழலில் காய்கின்றன. கோடை வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.