மாமா வைத்த திருகு

போன மாதம் என் பழைய டட்சன் 120ஒய் காரில் காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் ஒரு மீட்டரை மகன் பொருத்தினான். புகைக்குழாயில் துளை போட்டு, அதில் ஒரு மரையை வெல்டு வைத்து, சென்சாரைத் திருகினான். குழாயில் தேங்கும் நீர் சென்சாரை நனைக்காதபடி மேல்பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறான். வேலை சுத்தம். பிள்ளையின் கையில் மாமாவின் சாயல் இருக்கிறது.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் எண் வந்துவிடுவதில்லை. சென்சார் 700 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் பேசும். அந்தச் சிறு காத்திருப்பில் தினமும் மாமா வந்துவிடுகிறார்.

பினாங்கில் டத்தோ கெராமாட் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோருக்கும் அவர் ‘பொமன்’தான். காடி வந்து நின்றதும் பானெட்டைத் திறக்க மாட்டார். பின்னால் போய்க் குனிந்து, புகைக்குழாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டி, விலக்கி, முகர்ந்து பார்ப்பார். அப்புறம்தான் பிளக்கைக் கழற்றுவார். அதன் மூக்கு தே தாரேக் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கோப்பி ஓ மாதிரிக் கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் காற்று கூடுதல். எனக்கு அவர் நடத்திய பாடம் மொத்தமும் இந்த மூன்று நிறம்தான்.

டாக்சிக்காரர்கள் வந்து, “எண்ணெய் ரொம்பக் குடிக்குது அண்ணே, கொஞ்சம் குறைச்சு வைங்க” என்று கெஞ்சுவார்கள். ஓரளவுக்கு மேல் அவர் குறைக்கமாட்டார். “இன்னிக்கு எண்ணெய்க் காசு மிஞ்சும். நாளைக்கு வால்வு கருகினா யாரு குடுப்பா?” என்பார். பெட்ரோல் குறைந்த கலவையில் ஏற்றத்தில் மிதித்துக்கொண்டே போனால் எஞ்சின் சூடு கட்டுக்கடங்காது என்பது அவருக்குப் படித்து வந்த பாடமில்லை. பாலிக் புலாவ் மலைச்சாலை ஏறிவிட்டு வந்த காடிகளின் கருகிய வால்வுகளைக் கையில் வைத்துப் பார்த்தவர் அவர்.

அக்கரையில் சுங்கைப்பட்டாணியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போவதென்றால் ஃபெரிதான். 1985-இல் பாலம் திறந்த பிறகும் மாமா ஃபெரியை விடவில்லை. திரும்பி வரும்போது பட்டர்வொர்த்தில் மட்டும்தான் காசு வாங்குவார்கள். ஆனால் அவர் போனது அதற்காக இல்லை. கரை நெருங்கும்போது வண்டித் தளத்தில் அத்தனை காடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்குமே, அதற்காக. உப்புக்காற்றோடு பெட்ரோல் வாடை கலந்து தளம் முழுக்க நிறையும். மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். “அந்தப் பச்சைக் காடி, சோக்கை இழுத்துவிட்டு மறந்துட்டான் பாரு. இந்தப் பக்கம் ஒருத்தனுக்கு ஒரு பிளக் வேலை செய்யலை.” நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன். பச்சைக் காடியின் பின்னால் கறும்புகை சுருளும்.

இப்போது ஃபெரியில் காடி ஏற்றுவதில்லை. 2021 தொடக்கத்தோடு அது நின்றுபோயிற்று. புதிய படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும்தான் ஏறுகின்றன. கார்ப்பரேட்டர் வைத்த காடிகளும் அருகிவிட்டன. வெல்ட் கீ ஜெட்டியில் நின்றால் இப்போது கடல் வாடை மட்டும் வருகிறது.

மகன் மீட்டரைப் பொருத்திய அன்று, காடி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அது 13.6 என்று காட்டியது. “அப்பா, 14.7 இருக்கணும். பெட்ரோல் கூடுதலா போகுது” என்றான். அவன் சொன்ன கணக்கு சரிதான். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் கார்ப்பரேட்டரில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு மாமா கடைசியாக வைத்தது. அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அதன் பிறகு அதில் யாரும் கைவைக்கவில்லை. எனக்குள் ஏதோ பதறியது. ஆனாலும் தடுக்கவில்லை. “எத்தனை சுற்று திருப்பறேன்னு எண்ணிக்கோ” என்று மட்டும் சொன்னேன்.

அவன் திருகை மெல்ல உள்ளே திருகினான். 14.0. 14.4. எண் 14.7-ஐத் தொட்டபோது எஞ்சின் திக்கத் தொடங்கியது. பானெட் நடுங்கி, டாஷ்போர்டில் வைத்திருந்த சில்லறை கலகலவென்றது. மகன் என்னைப் பார்த்தான். 14.7 என்பது புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள காடிகளுக்கு உயிர்நாடியான எண். என் டட்சன் அப்படியில்லை. கார்ப்பரேட்டரிலிருந்து கிளம்பும் கலவை நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவாகப் போய்ச் சேராது. குறைவாகப் பெறும் சிலிண்டரும் பட்டினி கிடக்காமல் இருக்கக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும்.

அவன் எண்ணிய அளவுக்கே திருகைத் திருப்பி வெளியே கொண்டுவந்தான். நடுக்கம் அடங்கியது. சில்லறை ஓய்ந்தது. 13.6.

மாமா எதையும் எழுதி வைத்தவரில்லை. அவருடைய காதும் மூக்கும் அறிந்தவை அவரோடு போய்விட்டன என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அதில் ஒன்று மட்டும் இந்தத் திருகில் தங்கியிருந்திருக்கிறது. மகனிடம் வெள்ளைப் பெயின்ட் பேனாவை வாங்கி, பானெட்டின் உள்பக்கத்தில் எழுதினேன்: “13.6. மாமா வைத்தது.”