அருகும் தொலைவும்

‘உங்கள் தாய்மொழி யாது?’ என்று தாய்லாந்து நாட்டவர் ஒருவரிடம் தமிழில் வினவினால், ‘தாய் மொழிதான்’ என்றே அவர் விடையிறுக்க நேரும். கேட்டவர் தம் வினாவே திரும்பி வந்ததாக மயங்குவார். சொன்னவரோ சரியான விடை கூறிவிட்ட மகிழ்ச்சியில் இருப்பார். உண்மையில் அம்மக்கள் தம் பெயரை ஒலிப்பது நம் ‘தை’த் திங்களின் பெயருக்கே நெருக்கமானது. நாம் அதனைத் ‘தாய்’ என எழுதி வழங்கி வருகிறோம். ஆக, அவர்தம் பெயரைச் சொல்லத் தொடங்கும்போதே ஒரு சிறு மயக்கமும் உடன் தொடங்கிவிடுகிறது.

தாம்பரத்தை அடுத்த எங்கள் சேலையூர், கல்லூரிகள் சூழ்ந்த ஊர். பல நாட்டு மாணவர் வந்து தங்கிப் பயிலும் ஊர். அங்ஙனம் வந்த பாங்காக் நகரத்து முஸ்லிம் மாணவர் ஒருவர், எங்கள் இல்லத்து மாடியில் சில ஆண்டுகள் குடியிருந்தார். இரத்தின வணிகத்தின் பொருட்டுப் பாங்காக்கில் பல்லாண்டுகள் வாழ்ந்து திரும்பிய என் தாய்மாமனும் அவரும் அஸர் தொழுகைக்குப் பின் அமர்ந்து உரையாடுவது வழக்கம். அவ்வுரையாடல்களே இக்கட்டுரைக்கு வித்து.

தாய் மொழியில் ஒரே அசையை 5 வகை இசையில் ஒலிக்கலாம். இசை மாறினால் பொருளும் மாறும். ‘மா’ என்று சமநிலையில் சொன்னால் ‘வா’ என்பது பொருள். உயர்த்திச் சொன்னால் குதிரை. தாழ்த்தி எழுப்பிச் சொன்னால் நாய். விருந்தினரை ‘வா’ என்றழைக்க முயலும் அயலார், அவரை நாயாக்கிவிடுவதும் உண்டு. நம் தமிழிலும் ‘மா’ பல பொருள் தரும் சொல்லே. மாமரம், விலங்கு, பெருமை என அது விரியும். குதிரையும் அதன் பொருள்களுள் ஒன்றென்பது வியப்பூட்டும் தற்செயல் ஒற்றுமை. ஓரெழுத்து ஒருமொழி 42 என நன்னூலார் தொகுத்துரைத்தார். ஆனால் நமக்கோ பொருளைத் தெளிவிப்பது சூழல். அவர்க்கோ குரலின் ஏற்ற இறக்கம்.

இவ்வேறுபாடு மாமாவின் காசைக் கரைத்த கதையொன்று உண்டு. பாங்காக் சென்ற புதிதில், ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசல் தேடிச் சென்றவர், பூ விற்கும் பெண்மணி ஒருவரிடம் வழி கேட்டாராம். அவர் ‘க்லை’ என்றார். அம்மொழியில் ‘க்லை’ என்பதைச் சமநிலையில் ஒலித்தால் ‘தொலைவு’. மேலிருந்து இறக்கி ஒலித்தால் ‘அருகு’. மாமாவின் செவிக்குத் தொலைவே கேட்டது. வாடகை வண்டி ஒன்றில் ஏறினார். வண்டி ஒரு தெருமுனையைத் திரும்பிப் பள்ளிவாசல் வாயிலில் நின்றது. கூலி கொடுத்து இறங்கித் திரும்பிப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய இடத்தில் அப்பெண்மணி சிரித்துக்கொண்டு நின்றாராம்.

பணிவுச் சொல்லிலும் இடர் உண்டு. அங்கே பேசுபவர் ஆணாயின் வாக்கிய முடிவில் ‘க்ரப்’ என்பார். பெண்ணாயின் ‘கா’ என்பார். மாமாவின் கடைக்கு வந்து சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர், அங்குப் பணிபுரிந்த பெண்களிடமே மொழி பயின்றார். மீசை முறுக்கிய அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘கா’ என்று முடிக்க, வாடிக்கையாளர் சிரிப்பை அடக்க அரும்பாடு பட்டனராம். நம் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பவை கேட்பவர்க்குரிய மதிப்பைக் காட்டுவன. அவர்தம் சொற்களோ பேசுபவர் ஆணா பெண்ணா என்பதையும் உடன் காட்டிவிடுவன.

ஆடவர் பெயருக்கு முன் அங்கு வழங்கும் மதிப்புச் சொல் ‘நாய்’ என்றே நம் செவியில் விழும். அரசு அலுவலகத்தில் அவ்வாறு பெயர் கூவி அழைக்கப்பட்ட நம்மவர் பலர், முதன்முறை முகம் சிவந்துதான் எழுந்திருப்பர்.

தாய் எழுத்துமுறையை மன்னர் ராம்காம்ஹேங் 1283இல் வகுத்தார் என்பது அந்நாட்டு மரபு. கெமர் எழுத்தின் வழியே அதன் மூலம் பல்லவர் எழுத்துக்குச் செல்கிறது. எழுத்தில் உறவு இருப்பினும் ஒலிப்பில் விலகல் உண்டு. சொல்லிறுதியில் லகரத்தை எழுதுவர்; ஆனால் னகரமாகவே ஒலிப்பர். 1946 முதல் 2016 வரை அரியணையில் இருந்த மன்னரை உலகம் ‘பூமிபோல்’ என்றது. அவருடைய குடிமக்களோ ‘பூமிபோன்’ என்றே அழைத்தனர். பூமியும் பலமும் சேர்ந்த பெயர் அது.

இவ்வொலி மரபே எங்கள் மாணவர்க்கு ஒரு துன்பத்தைத் தந்தது. கடையொன்றில் அவர் ‘பால்’ கேட்டார். அது ‘பான்’ என ஒலித்தது. கடைக்காரர் வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அங்கு நின்ற இளைஞர் சிலர் அவரைப் போலவே ‘பான், பான்’ என்று பழித்துக் காட்டி நகைத்தனர். அன்றிலிருந்து பல வாரங்கள் அவர் தமிழில் ஒரு சொல்லும் பேசவில்லை. வேண்டிய பொருளை விரலால் சுட்டுவார்; காசு கொடுப்பார்; அகல்வார். நாள்தோறும் புதுச்சொல் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிய மாணவர், குறிப்பேட்டையும் மூடி வைத்துவிட்டார்.

ரமளான் வந்தது. நோன்பு துறக்க அவரை எங்கள் இல்லத்திற்கு அழைத்திருந்தோம். என் பாட்டியார் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினார், மீண்டும் ஊற்றினார், மூன்றாம் முறை அகப்பையை நீட்டியபோது அவர் தம்மை மறந்து, ‘போ, போ!’ என்றார். அவை அடங்கியது. ‘கஞ்சி ஊத்துற கையைப் பார்த்துப் போங்கிறியே, வாப்பா!’ என்று பாட்டியார் திகைத்தார். மாமா குறுக்கிட்டு, அவர் மொழியில் ‘போ’ என்றால் ‘போதும்’ என்று பொருள் என விளக்கினார். பாட்டியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ‘நம்ம போதும்ல பாதியைத்தானே சொல்லியிருக்கு பிள்ளை’ என்று கூறி, மீதிச் சொல்லையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மாணவரும் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாள் குறிப்பேடு மீண்டும் திறந்தது, முதற்சொல் ‘போதும்’.

இரண்டு இடத்திலும் எழுந்தது சிரிப்பே. ஒன்று வாயை அடைத்தது, மற்றொன்று திறந்தது. முன்னது அவரைப் பார்த்துச் சிரித்தது. பின்னது அவரோடு சேர்ந்து சிரித்தது. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 30ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. ஒரு கூட்டத்தார் பிறிதொரு கூட்டத்தாரைப் பரிகசித்தலை 49ஆம் அத்தியாயம் விலக்குகிறது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்போர்க்கு, அயலார் நாவின் தடுமாற்றம் இகழ்ச்சிக்குரியதாகத் தோன்றாது. மேலும், பழத்தைப் ‘பளம்’ என்றும் வாழையை ‘வாளை’ என்றும் நம்மவரே வழங்கும் நாட்டில், பாலைப் பான் என்ற விருந்தாளியை நகையாட நமக்கென்ன தகுதி?

சொற்கள் நம்மினும் பெருந்தன்மை உடையவை. மேலை நாட்டாரை அரபு மக்களும் பாரசீகரும் ‘ஃபிராங்க்’ இனப்பெயரால் சுட்டினர். அச்சொல் வணிகரின் கப்பலேறித் தமிழகத்தில் ‘பறங்கி’யாகவும் தாய்லாந்தில் ‘ஃபரங்’ ஆகவும் குடிபுகுந்தது. அங்கே கொய்யாவுக்கும் ‘ஃபரங்’ என்றே பெயர். வெள்ளையர் கொய்யா தின்றால் ‘ஃபரங்கை ஃபரங் தின்கிறது’ என நகையாடுவர். இங்கே பூசணி இனத்துக் காய் பறங்கிக்காய் ஆயிற்று. போர்த்துக்கீசியர் குடியேறிய குன்று பறங்கிமலை ஆயிற்று. தாம்பரத்தில் மின்தொடர் ஏறிப் பறங்கிமலையில் இறங்குவோர் நாள்தோறும் அரபு நாட்டையும் பாரசீகத்தையும் தாய்லாந்தையும் தொட்டுச் செல்கின்றனர். வந்த சொல்லுக்கு நாம் இடம் கொடுத்தோம். வந்த மனிதர்க்கு மறுக்கலாமா?

இன்று எங்கள் பகுதியில் கட்டடம் எழுப்புவோரும் உணவகங்களில் பணிபுரிவோரும் பெரும்பாலும் வடபுலத்து இளைஞர். அவர்கள் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும்போது நம் முகத்தில் தோன்றும் முறுவல் எவ்வகையினது என்பதை மாணவச் செல்வங்கள் எண்ணிப் பார்த்தல் நலம். தமிழ் கற்பிப்பது வகுப்பறையில் மட்டும் நிகழ்வதன்று. கடை வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் நிகழ்கிறது. அங்கே ஆசிரியர் நாம் ஒவ்வொருவருமே. அருகு என்பதும் தொலைவு என்பதும் அம்மொழியில் ஒரே சொல். குரல்தான் இரண்டையும் பிரிக்கிறது. எந்த மொழியிலும் அஃது அப்படித்தான்.